பிந்தி வரும் சிரிப்பு

'சந்தனம் மெஸ்' தொடர் தொடங்குவதற்கு முன்பே மன்றத்தின் மின்விசிறிகளை நிறுத்திவிடுவார்கள். சித்திரை மாத வெக்கை சுவரைவிட்டு இறங்காத மாலைகளிலும் நிறுத்துவார்கள், ஏனென்றால் விசிறிச் சத்தத்தில் ஒருவருடைய சிரிப்பு மறைந்துபோகலாம், மறைந்ததா இல்லாமலே போனதா என்று தெரியாமல் மறுநாள் மாலைவரை ஒரு வீட்டில் உலை ஏறாது, அப்படி நடந்தும் இருக்கிறது. கைக்குழந்தைகளை வெளியே வேப்பமரத்தடிக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். இருமல்காரர்கள் கிராம்பை வாயில் அடக்கிக்கொள்வார்கள். பிறகு முன்வரிசையிலிருந்து யாராவது எழுந்து ஒலியைக் கூட்ட, தொலைக்காட்சியில் அந்தத் தவில் இசை வர, மெஸ் முதலாளி சந்தனம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இலை போட வருவார், நூற்பாலைக் குடியிருப்பின் ஜனம் முழுவதும் கண்ணை மூடிக்கொள்ளும்.

அவர்கள் அந்தத் தொடரை முதன்முதலில் ரசித்தது மற்ற ஊர்க்காரர்கள் ரசித்ததைப் போலத்தான். அப்போது ஆலை ஓடிக்கொண்டிருந்தது. கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டு நடுவில் இருந்த அந்தக் குடியிருப்பில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் காதில் அப்பிய பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள், விழுந்து விழுந்து சிரிப்பார்கள், மறுநாள் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே சந்தனத்தைப் போல் கையசைத்துக் காட்டி மறுபடியும் சிரிப்பார்கள். அந்தப் பிரியத்தில்தான் மனமகிழ் மன்றத்தின் செயலாளராக இருந்த கோயில்பிச்சை இரண்டு வேன் ஏற்பாடு செய்து எல்லோரையும் சென்னைக்குப் படப்பிடிப்புப் பார்க்க அழைத்துப் போனார். அங்கே இருந்தவர்கள், வந்த கூட்டத்தை வீணாக்க வேண்டாமே என்று, சுவரெல்லாம் துணி ஒட்டிய ஒரு கூடத்தில் அவர்களை உட்காரவைத்து, தொடரின் காட்சிகளைத் திரையில் ஓடவிட்டு, அவர்கள் சிரிப்பதைப் பதிவு செய்தார்கள். பெரிய சிரிப்பு வேண்டும் என்றார் ஒலிப்பதிவாளர், பெரிதாகச் சிரித்தார்கள். வாய்க்குள் அடக்கும் சிரிப்பு வேண்டும் என்றார், அடக்கிச் சிரித்தார்கள். வயிறு வலித்துப் போதும் என்கிற சிரிப்பு வேண்டும் என்றார், அதற்கு அவர் கேட்கவே தேவையிருக்கவில்லை. எல்லாம் முடிந்து அமைதியான பிறகு, பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண், அப்போதுதான் அவளுக்கு அந்த வேடிக்கை புரிந்ததோ என்னவோ, தனியாகச் சிரித்தாள். அம்மா அவளை அதட்டப் போனாள். ஒலிப்பதிவாளர் கையைக் காட்டித் தடுத்தார். இதுதாம்மா முத்து, இதை எல்லா நாளும் வைப்பேன் என்றார்.

அம்மாவின் பெயர் சீனியம்மாள். மகள் கார்த்தீஸ்வரி.

திரும்பும் வழியில் டீக்கடையில் வேன் நின்றபோது, கோயில்பிச்சை தன் மாமனார் வீட்டு ஆடு வரதட்சணைப் பாயைத் தின்ற கதையைச் சொன்னார். அது எத்தனை தடவை சொன்னாலும் சிரிப்பை வரவழைக்கும் கதை. எல்லோரும் வாயைத் திறந்தார்கள், தோள்கள் குலுங்கின, கண்ணில் நீர் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. தொண்டை கட்டியிருக்கும் என்று பனங்கற்கண்டு வாங்கிச் சப்பிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள். அடுத்த வாரம் 'சந்தனம் மெஸ்' ஓடியபோது அவர்களுடைய சிரிப்பெல்லாம் அதற்குள் இருந்தது.

அவர்கள் அதற்காகப் பெரிதாகக் கவலைப்பட்டதாகச் சொல்ல முடியாது. தொலைந்த பொருள் இருக்குமிடம் தெரிந்தால் பாதி கிடைத்த மாதிரி. அந்தா எங்க மாமா சிரிப்பு, இந்தா உங்க மதினி சிரிப்பு என்று பெருமையாக அடையாளம் காட்டிக்கொண்டார்கள். கோயில்பிச்சையின் சிரிப்பு வண்டிமாட்டை நிறுத்துவதுபோல ஹோ என்று வரும். சீனியம்மாளின் கணவர் சங்கரபாண்டியின் சிரிப்பு சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல இருக்கும். தன் சிரிப்பு எது என்று யாருக்கும் தெரியவில்லை. அதை மற்றவர்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது. வேடிக்கைப் பேச்சு பேசுகிறவர் மனம் நோகக்கூடாது என்பதற்காக, கேட்டு முடித்ததும் "சிரிச்சாச்சு" என்று சொல்லும் வழக்கம் வந்தது. வேனில் போகாதவர்களும் பிறகு பிறந்த பிள்ளைகளும் சாதாரணமாகச் சிரித்தார்கள், ஆனால் பெரியவர்கள் முன்னால் சிரிப்பது, நோன்பிருப்பவர் முன்னால் சாப்பிடுவதைப் போல என்று கருதிக் கொல்லைப்புறமாகப் போய்ச் சிரித்தார்கள். பக்கத்து ஊர்களில் இந்தக் குடியிருப்புக்காரர்களை அழுத்தமான ஆட்கள் என்றார்கள். கல்யாணம் பேச, பாகப்பிரிவினை பேச, இவர்களைத் தேடி வந்து கூட்டிக்கொண்டு போனார்கள்.

பயம் வந்தது சண்முகவேலால்தான். பஞ்சு உடைக்கும் பகுதியில் இருந்தவர், தும்மலைப்போலச் சிரிப்பார். ஒருநாள் அவர் சிரிப்பு தொலைக்காட்சியில் வரவில்லை. ஸ்பீக்கர் கோளாறு என்றார்கள். பழைய பகுதிகளைக் குறுந்தகட்டில் வைத்திருந்த ஒருவர் போட்டுப் பார்த்தார், அவற்றிலும் இல்லை. அந்த மாதம் முடிவதற்குள் சண்முகவேல் செத்துப்போனார். சாவதற்குச் சற்று முன் தும்மியதாக அவர் மனைவி சொன்னாள், தும்மல் இல்லை என்று பிறகு அவளே சொன்னாள். அதன்பிறகு மூக்காயி, அதன்பிறகு பாய்லர் பகுதி டேனியல். முதலில் தொடரிலிருந்து சிரிப்பு போகும். போன சிரிப்பு, ஆள் போவதற்கு முன் ஒரே ஒருமுறை ஆளிடம் வரும். சிரிப்பு போய் அடுத்த அமாவாசையைத் தாண்டியவர் யாருமில்லை.

ஆகவே அவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். வீட்டில் தனியாகக் கேட்கும் துணிவு யாருக்கும் இல்லாததால் மன்றத்தில் கூடிக் கேட்டார்கள். தன் சிரிப்பு தனக்குத் தெரியாது என்பதால், ஒருவர் சிரிப்புக்கு இன்னொருவர் காது என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். கோயில்பிச்சை அண்ணாச்சிக்குச் சீனியம்மாள் காது. ஒவ்வொரு மாலையும் தொடர் முடிந்ததும் அவர் திரும்பி அவளைப் பார்ப்பார், அவள் தலையசைப்பாள், அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பார். ஒருவர் சிரிப்பு வரவில்லையென்றால் காதாக இருப்பவர் அன்றைக்கு எதுவும் சொல்வதில்லை. மறுநாள் காலையில் ஏதாவது பலகாரத்தோடு அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். அதுதான் சொல்வது.

ஆலை மூடிய பிறகும் இது நிற்கவில்லை. தொடர் முடிந்து, மறு ஒளிபரப்பாகி, அதுவும் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. ஒருமுறை மறு ஒளிபரப்பை நிறுத்தப்போவதாகச் செய்தி வந்தபோது குடியிருப்பே நடுங்கிப்போயிற்று. கோயில்பிச்சை நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய், தொலைக்காட்சி நிலையத்து வரவேற்பறையில் நின்று, நிறுத்திவிடாதீர்கள், நாங்கள் இதை நம்பித்தான் இருக்கிறோம் என்று கைகூப்பினார். அங்கிருந்த இளம் அதிகாரி நெகிழ்ந்துபோனார். நடிகர்கள் எல்லோரும் சேர்ந்து நிற்கும் பெரிய படம் ஒன்றைக் கொடுத்தார். அடுத்த மாதம் ஒரு குழு வந்து, 'நீங்காத நேயர்கள்' என்ற நிகழ்ச்சிக்காக அவர்களைப் படம்பிடித்தது. இத்தனை வருடமாகியும் இந்த மக்களுக்கு இந்தத் தொடர்மேல் இத்தனை அன்பா என்று கேமராவைப் பார்த்து ஒரு பெண் வியந்தாள். கொஞ்சம் சிரிங்க என்றாள். அவர்கள் வாயைத் திறந்து காட்டினார்கள். சத்தம் பதிவாகவில்லை என்பதை ஊருக்குப் போன பிறகுதான் குழு கண்டுபிடித்தது, அதனால் தொடரிலிருந்தே சிரிப்பை எடுத்து ஒட்டிவிட்டார்கள். நிகழ்ச்சி ஒளிபரப்பான அன்று, தங்கள் முகங்கள் தங்கள் சிரிப்பையே சிரிப்பதைக் குடியிருப்புக்காரர்கள் பார்த்தார்கள். அன்று மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள்.

சங்கரபாண்டியின் சிரிப்பு ஒரு தை மாதம் போயிற்று. ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டில்காரர் இட்லி கல்லாக இருக்கிறது என்று நர்சிடம் சண்டை போட்டு, நிரூபித்துக் காட்டுவதற்காக அதைத் தரையில் போட, அது உருண்டு போய் டாக்டரின் காலடியில் நின்றது. சங்கரபாண்டி சிரித்தார். சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல, பழைய சிரிப்பு. அவரே ஆச்சரியப்பட்டுத் தொண்டையைத் தொட்டுக்கொண்டார். "ஏங்க, வந்துட்டு," என்றாள் சீனியம்மாள், சந்தோஷமாக. சிரிப்பு முடிந்த இடத்தில் அவரும் முடிந்தார். அந்த ஒரு நொடி சந்தோஷப்பட்டுவிட்டதை அவளால் பிறகு தாங்கிக்கொள்ளவே முடியவில்லை.

கார்த்தீஸ்வரி வளர்ந்து, திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்விட்டாள். சிரிப்பென்றால் அவளுக்கும் வாயைத் திறப்பது மட்டும்தான். அவளுடைய பால்வாடிச் சிரிப்பு மட்டும் ஒவ்வொரு மாலையும், எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, ஓட்டுச் சரிவிலிருந்து கடைசித் துளி விழுவதைப்போல, பிந்தி வந்தது. அதற்குக் காது சீனியம்மாள் மட்டுமல்ல. தனியாக வருவதால் எல்லோருக்கும் கேட்கும். அது வந்த பிறகுதான் ஜனம் கண்ணைத் திறக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அது வரவில்லை.

பெரிய சிரிப்பு எழுந்து அடங்கியது. அதற்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவே அந்தக் குழந்தைக்காக விட்டிருந்த இடம் வந்தது. அந்த இடம் அப்படியே கடந்துபோயிற்று. சந்தனம் யாரையோ சாம்பார் வாளியோடு துரத்தினார். ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள், சீனியம்மாளைப் பார்த்தார்கள், பார்த்ததை மறைக்கச் சுவரைப் பார்த்தார்கள். தொடர் முடிந்ததும் கோயில்பிச்சை பழக்கத்தில் திரும்பிவிட்டார். அவள் அவருக்காகத் தலையசைத்தாள். அண்ணாச்சியின் ஹோ வந்திருந்தது. அவர் துண்டைத் தோளில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து அவள் மகளுக்குப் போன் செய்தாள்.

"என்னம்மா, எவனாவது பொண்ணு பாக்க வாரானா?"

"எனக்கு மேலுக்குச் சரியில்ல. நீ வா."

"போன வாரம் நல்லாத்தான இருந்த. இங்க கப்பல்ல போற சரக்கு நிக்கி, சூப்பர்வைசர் விட மாட்டாரு."

"அவருகிட்ட சொல்லு, அம்மா சாகக் கிடக்கான்னு சொல்லு."

தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே "வாரேன்," என்றாள் கார்த்தீஸ்வரி.

அவள் வந்து இறங்கிய மதியம், முதலில் வந்தவள் வேலுத்தாய். அடுத்த வீட்டுக்காரி, கொடிக்கயிறு யாருடையது என்ற சண்டையில் சீனியம்மாளோடு பேச்சை நிறுத்தி எத்தனையோ பொங்கல் கழிந்திருந்தது. தட்டில் முறுக்கோடு வாசலில் நின்றாள்.

"என்ன அத்தை, எங்க வீட்டு வாசல்ல உங்க செருப்பு. காக்கா ஏதும் தூக்கிட்டு வந்து போட்டுருச்சோன்னு பாத்தேன்," என்றாள் கார்த்தீஸ்வரி.

"சிரிச்சாச்சு தாயி," என்று வேலுத்தாய் மெதுவாகச் சொன்னாள். "நல்லா இருக்கியா?"

"இருக்கேன். நீங்க பாக்குறதப் பாத்தா இல்லபோலயே."

வேலுத்தாய் அவள் கன்னத்தைத் தடவிவிட்டு, கொடிக்கயிறை நீங்களே வச்சுக்கோங்க மதினி என்று சீனியம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனாள். பிறகு சேவு வந்தது, கருப்பட்டி மிட்டாய் வந்தது, யார் வீட்டுக் கோழியோ குழம்பாகி வந்தது. வந்தவர்கள் எல்லோரும் அன்பாக இருந்தார்கள். சின்ன வயதில் தன்னைக் குட்டியவர்கள், தன்னைப் பற்றிக் கோள் சொன்னவர்கள், தான் கோள் சொன்னவர்கள் எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பலகாரத்தட்டுகள் அலமாரி முழுவதும் நிறைந்தபோது கார்த்தீஸ்வரி அம்மாவைப் பார்த்தாள்.

"எப்பருந்தும்மா?"

சீனியம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "செவ்வாக்கிழமையில இருந்து."

மகள் ஒரு முறுக்கை எடுத்து, உடைத்து, தின்னாமல் திரும்ப வைத்தாள். "நான் நல்லாத்தான இருக்கேன்," என்றாள். அவள் குரலில் முதல்முறையாகப் பயம் இருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் சீனியம்மாளுக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் கோயில்பிச்சை வந்தார். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று வந்தவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பழைய நாற்காலி. அவர் திருப்பூரின் தண்ணீரைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியபோது அதன் பின்கால்கள் மெல்ல அகல ஆரம்பித்தன. ஒரு சாவு வீட்டில் நாற்காலியைப் பற்றிப் பேசுவது முறையில்லை என்று நினைத்தோ என்னவோ, அவர் கவனிக்காதவரைப்போலப் பேசிக்கொண்டே இறங்கினார். சாயப்பட்டறைத் தண்ணி ஆத்துல கலக்குறது உண்மைதானா என்றபோது அவர் முகம் மேசை உயரத்தில் இருந்தது. நொய்யல்ங்கிறது நல்ல ஆறுல்லா என்றபோது தரையில் இருந்தார். தரையில் கால் நீட்டி உட்கார்ந்தபடியே, "எல்லாம் கர்நாடகாக்காரன் செய்யிற வேலை," என்று முடித்தார்.

கார்த்தீஸ்வரியின் உதடு துடித்தது. அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, கதவைத் திறக்கச் சொல்லி யாரோ உள்ளிருந்து விரல் நுனியால் தட்டுவதுபோல, ஒரே ஒரு தட்டு. சீனியம்மாள் அதைக் கேட்டாள். இத்தனை வருடத்தில் அந்தத் தொண்டையிலிருந்து வந்திராத சத்தம். சிரிப்பு ஏற்கெனவே வந்துவிட்டது, உள்ளேதான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

"அண்ணாச்சி, எந்திரிங்க," என்றாள். "போயிட்டு வாங்க. இனிமே இங்க யாரும் வர வேண்டாம்னு சொல்லுங்க."

அவர் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, புரிந்து, வெளிறிப்போய்ப் போனார். அன்று முதல் குடியிருப்பு முழுவதும் ஒரு கட்டுப்பாடு வந்தது, யாரும் போட்டதல்ல, தானாக வந்தது. அந்த வீட்டுத் தெருவில் யாரும் வேடிக்கையாகப் பேசுவதில்லை. பிள்ளைகள் பின்தெருவில் விளையாடினார்கள். குடித்துவிட்டு அலப்பறை செய்யும் ஒருவனை அவன் தம்பிகளே விளாத்திகுளத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். கறிக்காரர் தன் வழக்கமான கூவலை விட்டுவிட்டு, துக்க வீட்டுக்கு வந்தவர்போலத் தலையைக் குனிந்தபடி கடந்துபோனார். சீனியம்மாள் மகளின் போனை வாங்கி அரிசி டின்னுக்குள் போட்டாள், அதில் ஆயிரம் கோமாளிகள் இருந்தார்கள். மகள் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்றாள். தூங்கும்போது கனவில் சிரித்துவிடுவாளோ என்று பக்கத்தில் உட்கார்ந்து விழித்திருந்தாள்.

"சிரிக்காம இருந்தா போகமாட்டேனா?" என்று கேட்டாள் கார்த்தீஸ்வரி.

"தெரியாது."

"சிரிச்சா போயிருவேனா?"

"உங்கப்பா போனாரு."

"அப்பாவுக்கு ஈரல் போயிருந்துச்சும்மா. சிரிப்பு என்ன செய்யும்?"

"ஈரல் போயும் அஞ்சு மாசம் இருந்தாருல்லா. சிரிச்சு ஒரு நிமிசம் இருந்தாரா?"

மகள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அவள் மெலிந்துகொண்டே வந்தாள். ஒரு நோயும் இல்லை, ஆனால் எல்லோரும் ஒரு பெண்ணை இறந்தவளைப்போலப் பார்த்தால் அவள் சோற்றில் ருசி எப்படி இருக்கும். உள்ளே வந்து உட்கார்ந்திருந்த சிரிப்பு வெளியே வர இடமில்லாமல் அவளை உள்ளிருந்தே தின்கிறதோ என்றும் சீனியம்மாளுக்குத் தோன்றும். தோன்றியதும் அதைத் துரத்திவிடுவாள்.

அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது. "மன்றத்துக்குப் போவோம்மா," என்றாள் மகள்.

"அங்க எதுக்கு?"

"எனக்குக் கேக்கணும். இல்லைங்கறத நானே கேக்கணும். நெனவு தெரிஞ்சு நான் அதக் கேட்டதும் இல்ல, பாத்ததும் இல்ல. சின்னப்பிள்ளையில எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருப்பீக. எனக்குப் பயமா இருக்கும். நான் உன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்."

சீனியம்மாள் யோசித்துப் பார்த்தாள். சிரிப்பு திரும்பவும் தொடருக்குள்ளேயே போயிருக்கலாம், அப்படி யாருக்கும் நடந்ததில்லை, ஆனாலும் நடக்கலாம். தவிர, சிரிப்பு வந்துவிடாமல் ஒரு பெண்ணை உட்காரவைப்பதற்கு அந்த மன்றத்தைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது. வேனில் போய் வந்த நாளிலிருந்து அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்து சிரித்தவர் என்று ஒருவரும் இல்லை. அவள் கணக்கில் அது சுடுகாட்டைவிட அமைதியான இடம். இத்தனை காலம் ஒவ்வொரு மாலையும் அங்கே உட்கார்ந்திருந்தும், அங்கே ஓடுவது ஒரு நகைச்சுவைத் தொடர் என்பது அவள் நினைவுக்கு வரவில்லை. குடியிருப்பில் வேறு யாருக்கும் வரவில்லை.

அவர்கள் உள்ளே போனபோது ஜனம் நகர்ந்து நடுவில் இடம் விட்டது. விசிறிகள் நின்றன. வேலுத்தாய் சீனியம்மாளின் இடது பக்கம் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தவில் இசை வந்தது. எல்லோரும் கண்ணை மூடினார்கள். கார்த்தீஸ்வரி திறந்து வைத்திருந்தாள்.

சந்தனத்தின் மைத்துனனுக்கு மைத்துனன் ஒருவன், கல்யாணத்துக்கென்று வந்து ஊர் திரும்பாமல் மெஸ்ஸிலேயே தங்கியிருப்பவன், அன்றைக்கும் சாப்பிட வந்தான். அவனுக்குப் பயந்து சந்தனம் அடுப்படியில் இருந்த பெரிய அண்டாவுக்குள் ஒளிந்துகொண்டார். அவன் மூடியின் மேலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, பக்கத்தில் வடைத்தட்டை வைத்துக்கொண்டு, அவர் வருகிறவரை நான் எழுந்திருக்க மாட்டேன் என்று அறிவித்துவிட்டுப் பேப்பர் படித்தான். அண்டாவுக்குள் இருந்தவருக்குப் பசித்தது. மூடியின் விளிம்பைத் தூக்கிக்கொண்டு ஒரு கை வெளியே வந்தது. தடவித் தடவிப் போய் ஒரு வடையை எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தது. பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காத விருந்தாளி, அது தன்னுடைய கைதான் என்று நினைத்து, அதற்கு வாகாகத் தட்டை நகர்த்தி வைத்தான். மூன்றாம் முறை வந்தபோது கை வெறுமனே விரலை அசைத்தது. அவன் யோசித்து, அதில் கொஞ்சம் சட்னியை ஊற்றினான்.

பெரிய சிரிப்பு எழுந்தது. கோயில்பிச்சையின் ஹோ வந்தது, செத்துப்போகாதவர்களின் சிரிப்புகள் ஒவ்வொன்றாக வந்தன, ஒவ்வொரு காதும் தனக்குரியதைப் பிடித்துக்கொண்டது. சிரிப்பு அடங்கியது. அந்தக் குழந்தைக்காக விட்டிருந்த இடம் வந்தது. மன்றம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அந்த இடத்தில், கொஞ்சம் பிந்தி, பால்வாடிப் பிள்ளையின் சிரிப்பு கேட்டது.

வேலுத்தாயின் கை இறுகியது. "வந்துட்டு மதினி," என்றாள். மூடிய கண்களோடு எல்லா முகங்களும் இளகின. சீனியம்மாளின் நெஞ்சில் கிடந்த கல் நகர்ந்து, காற்று உள்ளே போயிற்று. போய்விட்டது, திரும்பத் தொடருக்குள்ளேயே போய்விட்டது, இனி பயமில்லை.

சந்தனத்தின் மனைவி வசனம் பேசத் தொடங்கினாள். அந்த வசனத்தின் மேலேயே மறுபடியும் சிரிப்பு கேட்டது. அங்கே அது என்றைக்கும் வந்ததில்லை. அது முன்னால் இருந்த பெட்டியிலிருந்து வரவில்லை, அவளுடைய வலது தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். கார்த்தீஸ்வரி சிரித்துக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் வாயிலிருந்து நாலு வயதுச் சிரிப்பு, மணிமணியாக, மேலே ஏறி, ஏறிய இடத்திலிருந்து வழுக்கி விழுந்து, மறுபடி ஏறியது. மன்றத்தில் எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து சுவரோரமாக ஒதுங்கினார்கள். "பிடி, பிள்ளையப் பிடி," என்றார் கோயில்பிச்சை. சீனியம்மாள் தன் உள்ளங்கையை மகளின் வாயில் வைத்து அழுத்தினாள். மற்றொரு கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டாள். கூடைக்குள் அகப்பட்ட கோழிக்குஞ்சைப்போல உள்ளங்கைக்குள் சிரிப்பு முட்டிற்று. அது நின்றுவிட வேண்டும் என்று வேண்டினாள், நிற்கிற கணத்துக்கும் நடுங்கினாள், ஏனென்றால் அவள் பார்த்தவரையில் சிரிப்பு முடிகிற இடத்தில்தான் ஆளும் முடிகிறார். அழுத்தினால் முடியும். விட்டாலும் முடியும். மகளின் முகம் சிவந்தது. கண்ணில் நீர் கோத்தது. அந்தக் கண்கள் அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலாக, அண்டாவிலிருந்து நீண்டு சட்னியை எங்கே துடைப்பது என்று தெரியாமல் தவித்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பிடரியைப் பிடித்திருந்த விரல்களுக்கு அடியில் நரம்பு துடித்தது. சீனியம்மாள் கையை எடுத்தாள்.

சிரிப்பு வெளியே வந்தது. அவள் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பக்கத்தில் இருந்த வேலுத்தாயின் மடியில் சாய்ந்து சிரித்தாள். வேலுத்தாய் கையைத் தூக்கிக்கொண்டு, தொடவும் பயந்து, தள்ளவும் பயந்து உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் சந்தனம் அண்டாவோடு உருண்டு தெருவுக்குப் போனார். ஒருவரும் அசையவில்லை. பிறகு சிரிப்பு மெல்லத் தணிந்து, விக்கலாகி, நின்றது.

கார்த்தீஸ்வரி எழுந்து உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சுற்றிலும் பார்த்தாள்.

"நல்லாத்தான இருக்கு," என்றாள். "ஏன் யாருமே பாக்க மாட்டேங்கீக?"

சிலர் பெட்டியைப் பார்த்தார்கள், உடனே பயந்து அவளைப் பார்த்தார்கள். சீனியம்மாள் மகளின் முதுகில் கையை வைத்தாள். ரவிக்கைத்துணிக்கு அடியில் முதுகு உயர்ந்தது, தாழ்ந்தது. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். வந்தது. அதற்கு அடுத்ததற்காகக் காத்திருந்தாள்.